காதுக்குக் கேட்டும் திரைக்கு வராதவை: பாக்கெட் ரேடியோ மோடம் முறைகளில் பழுதறிதல்

அமெச்சூர் வானொலியில் குரலிலோ மோர்ஸ் குறியீட்டிலோ தொடர்புகொள்பவருக்குச் சிக்னல் கெட்டால், கெட்டிருப்பது உடனே தெரிந்துவிடும். இரைச்சல் கூடும், சொல் உடையும், எழுத்து விடுபடும், இருந்தும் பாதிச் சொல்லைக் கொண்டு முழுச் சொல்லை ஊகித்துக்கொள்ள முடியும். பாக்கெட் ரேடியோவில் இந்த இடைநிலைக்கு இடமில்லை. அனுப்ப வேண்டிய செய்தி துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் முகவரி, கட்டுப்பாட்டுத் தகவல், உள்ளடக்கம், கடைசியில் 16 பிட் சரிபார்ப்பு எண் என்ற வரிசையில் ஒரு ஃபிரேமாக அமைகிறது; பெறும் முனை அந்தச் சரிபார்ப்பு எண்ணைத் தானும் கணக்கிட்டுப் பார்த்து, ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் ஃபிரேம் முழுவதையும் ஓசையின்றித் தள்ளிவிடுகிறது. எனவே ஒலிபெருக்கியில் கரகரவென்ற தரவொலி தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்க, கணினித் திரை வெறுமையாகவே கிடப்பது இத்துறையில் வழக்கமான காட்சியாகும். பிழை எங்கே நேர்ந்தது, எவ்வளவு நேர்ந்தது என்பதை மறைத்துவிடுவதே இம்முறையின் அமைப்பு என்பதால், பழுதறியும் வேலை முழுவதும் மறைந்ததை வெளிக்கொணரும் வேலையாகவே இருக்கிறது.

இதை எளிய கணக்கு ஒன்றால் காணலாம். ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிட் பிழைபடும் பாதையில் 60 பைட் நீளமுள்ள ஃபிரேம், அதாவது 480 பிட் கொண்டது, பழுதின்றி வந்துசேரும் வாய்ப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு; அதே பாதையில் 300 பைட் ஃபிரேம் தப்பி வரும் வாய்ப்பு 9 விழுக்காடுதான். இருப்பிடத்தை அறிவிக்கும் ஏபிஆர்எஸ் போன்ற குறுஞ்செய்திகள் தடையின்றி வந்துகொண்டிருக்க, அதே கருவியில் மின்னஞ்சல் பரிமாற்றம் மட்டும் நகராமல் நிற்கும்போது, பலரும் அஞ்சல் மென்பொருளைக் கழற்றிப் பூட்டத் தொடங்குகின்றனர். உண்மையில் இரண்டுக்கும் அடியிலுள்ள ஒலிப்பாதையே அரைகுறையாக வேலை செய்கிறது; குறுகிய ஃபிரேம் அதைப் பொறுத்துக்கொள்கிறது, நீண்ட ஃபிரேம் பொறுப்பதில்லை.

இன்றைய சிக்கல்கள் பலவும் இம்முறை வளர்ந்த விதத்திலிருந்தே வந்தவை. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் தொடங்கிய அலோஹாநெட், ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்து தரவு அனுப்பலாம் என்பதை நிறுவியது. 1978இல் மாண்ட்ரியல் நகர அமெச்சூர்கள் அக்கருத்தைத் தம் கருவிகளில் செய்துபார்த்தனர். வான்கூவர் குழுவினர் அதற்கெனத் தனி மின்சுற்றுப் பலகை உருவாக்கினர். அமெரிக்காவின் டூசான் நகரில் 1982இல் தோன்றிய டிஏபிஆர் அமைப்பு 1985இல் இசட்80 செயலியைக் கொண்டு வடிவமைத்த, மோடமையும் நெறிமுறையையும் ஒன்றாக அடக்கிய டிஎன்சி-2 என்னும் பெட்டி உலகெங்கும் பரவியது. எக்ஸ்.25 என்ற தொலைத்தொடர்பு நெறிமுறையை அமெச்சூர் அழைப்புக்குறிகளுக்கு ஏற்றவாறு மாற்றிய ஏஎக்ஸ்.25இன் இரண்டாம் பதிப்பு 1984இல் வெளிவந்தது. மோடம் மட்டும் புதிதாக உருவாக்கப்படவில்லை; தொலைபேசிக் கம்பிக்கென உருவான பெல் 202 தரத்தையே எடுத்து, குரலுக்கென உருவான எஃப்எம் வானொலியின் மைக் துளைக்குள் செருகினர். தொலைபேசிக் கம்பி ஒலியை எப்படிக் கையாளும் என்பது வேறு, எஃப்எம் வானொலி கையாளும் விதம் வேறு. அந்த வேறுபாடே இன்றுவரை பழுதுகளின் முதல் ஊற்றாக இருக்கிறது.

டிஎன்சி பெட்டிக் காலத்தில் திருகுவதற்கு இருந்தவை ஒன்றிரண்டு குமிழ்களே. பின்னர் பெட்டியின் வேலையைக் கணினியின் சவுண்ட் கார்டும் மென்பொருளும் ஏற்றன. ஏஜிடபிள்யூ பாக்கெட் எஞ்சின், தாமஸ் சைலரின் லினக்ஸ் சவுண்ட்மோடம், யூஇசட்7எச்ஓ சவுண்ட்மோடம், ஜான் லாங்னரின் டயர் வுல்ஃப் என இவ்வரிசை நீள்கிறது. வலுவற்ற சிக்னலைப் பிரித்தெடுக்கும் திறனில் இவற்றுள் நல்லவை பழைய பெட்டிகளை விஞ்சிவிட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் வானொலியின் ஒலிக் குமிழ், இடைமுகப் பெட்டியின் குமிழ், இயக்குதளத்தின் மிக்சர், அதற்குள் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு, மென்பொருளின் சொந்த அளவுகோல் என்று பழுது ஒளிந்துகொள்ளும் இடங்களும் பெருகிவிட்டன. நிகர இலாபம் எது என்பது பயன்படுத்துபவரின் பொறுமையைப் பொறுத்தது.

முதலில் ஐயுற வேண்டியது முறை பொருந்துகிறதா என்பதே. வேகங்களைக் குறிக்கும் எண்கள் ஒன்றாக இருப்பினும் அலையின் உருவம் வேறாக இருக்கலாம். குறுந்தொலைவு எஃப்எம் அலைவரிசைகளில் வழங்கும் 1200 முறையில் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என இரு தொனிகள் மாறி மாறி ஒலிக்கின்றன. சிற்றலையில் வழங்கும் 300 முறையில் தொனிகளின் இடைவெளி 200 ஹெர்ட்ஸ் மட்டுமே. சிற்றலை அயனமண்டலத்தில் பல வழிகளில் தெறித்துச் சில மில்லிநொடி முன்பின்னாக வந்துசேர்வதால், ஒரு பிட்டுக்கு 0.83 மில்லிநொடியே தரும் 1200 முறை அங்கே குழம்பிப்போகும், 3.3 மில்லிநொடி தரும் 300 முறை ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பதே இத்தேர்வின் காரணம். 2400 என்ற எண்ணில் சிக்கல் கூடுகிறது. அங்கே நொடிக்கு 1200 முறைதான் அலை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் அலையின் கட்டநிலையை நான்கு நிலைகளுள் ஒன்றுக்கு மாற்றி இரண்டு பிட்களைச் சுமக்கிறது. அந்த நான்கு நிலைகளை 0, 90, 180, 270 பாகை என்று வைப்பது வி.26 தரத்தின் ஏ வகை. 45, 135, 225, 315 என்று வைப்பது பி வகை. இரு நிலையங்களும் 2400 என்றே அமைத்திருந்தும் ஒன்றையொன்று ஒருபோதும் படிக்க இயலாத நிலை இதனால் நேரலாம். எந்த அளவுமானியும் அதைக் காட்டிக்கொடுக்காது.

மாறாக, பலர் வீணாகக் கவலைப்படும் ஒன்றும் உண்டு. தொனிகள் தலைகீழாக மாறியிருக்குமோ, பக்கப்பட்டை தவறியிருக்குமோ என்ற ஐயம் வழக்கமான ஏஎக்ஸ்.25 முறைகளுக்குப் பொருந்தாது. இவற்றில் 0 என்பது தொனி மாறுவதாலும் 1 என்பது மாறாதிருப்பதாலும் குறிக்கப்படுகிறது. என்ஆர்இசட்ஐ என்னும் இக்குறியீட்டில் எந்தத் தொனி எது என்பது பொருட்டன்று, மாற்றம் நிகழ்ந்ததா என்பதே பொருட்டு. சிற்றலையில் பக்கப்பட்டையை மாற்றினால் தலைகீழாவதால் கேடில்லை, மையத் தொனி இடம் பெயர்வதால்தான் கேடு. வானொலியின் அலைவரிசை சில பத்து ஹெர்ட்ஸ் விலகினாலும் 300 முறை தடுமாறும் என்பதால், டயர் வுல்ஃபில் 30 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏழு பிரிப்பான்களை ஒருசேர ஓடவிட வழி செய்யப்பட்டுள்ளது. பழுதறிபவருக்கு இது கருவியாகவும் பயன்படும், ஏனெனில் ஓரத்திலுள்ள பிரிப்பானே எப்போதும் வெற்றிபெறுகிறது என்றால் அலைவரிசை விலகியிருப்பது புலனாகிவிடும்.

ஒலியளவும் தொனிச் சமநிலையும் சேர்ந்த பகுதியே இவ்வாய்வின் நடுப்பகுதி; பழுதுகளில் பெரும்பான்மை இங்கேதான் பிறக்கின்றன. எஃப்எம் வானொலி குரலை அனுப்பும்போது உயர்தொனிகளை எட்டகத்துக்கு 6 டெசிபெல் வீதம் தூக்கி அனுப்புகிறது. பெறும் வானொலி அதே அளவு தாழ்த்திவிடுகிறது. இரண்டும் நிகழ்ந்தால் கணக்கு நேராகும். ஒரு முனையில் மைக் வழியாகவும் மறுமுனையில் தாழ்த்தலுக்கு முந்தைய தரவு முனை வழியாகவும் ஒலி சென்றால், 1200க்கும் 2200க்கும் இடையே 5 டெசிபெல்லுக்குச் சற்று மேற்பட்ட ஏற்றத்தாழ்வு எஞ்சிவிடும். இதற்கு இத்துறையினர் டுவிஸ்ட் என்று பெயரிட்டுள்ளனர். காதுக்கு இவ்வேறுபாடு தெரிவதே இல்லை. வலுவான தொனியின் வால் நலிந்த தொனியின் தலையை மூடிவிடுவதால், பிட்டின் எல்லையைத் தேடும் மென்பொருளுக்கு மட்டுமே தெரியும்.

டயர் வுல்ஃப் ஒவ்வொரு ஃபிரேமின் முன்னும் அச்சிடும் ஒலியளவு வரி இவ்விடத்தில் மிகவும் பயன்படுகிறது. முதல் எண் மொத்த அளவு, அடைப்புக்குள் வரும் இரண்டும் தாழ்தொனி, உயர்தொனி ஆகியவற்றின் அளவுகள். அது 50(24/22) என்று இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 50(30/15) என்று இருந்தால் உயர்தொனி பாதியாக, ஏறத்தாழ 6 டெசிபெல் குன்றியுள்ளது. ஒரு தாழ்த்தல் கூடுதலாக நேர்ந்திருக்கிறது என்று பொருள். எல்லா நிலையங்களுக்கும் எண்கள் இவ்வாறே சாய்ந்திருந்தால் குறை பெறுபவரிடம். ஒரே நிலையத்துக்கு மட்டும் சாய்ந்திருந்தால் குறை அந்நிலையத்தின் அனுப்பும் முனையில். ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடுவதால், அமைப்புக் கோப்பைத் திறக்கும் முன் ஒரு மணி நேரம் இவ்வரிகளைக் குறித்து வைப்பதே சிறந்த தொடக்கம். மொத்த அளவு 100ஐ நெருங்கினால் அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. 5, 6 என்று தாழ்ந்திருந்தால் இடைமுகத்தில் தளர்ந்த இணைப்போ தவறான துளையோ இருக்கலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் மைக் உள்ளீட்டுக்கென வரும் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு, இரைச்சல் நீக்கம் ஆகியவை குரலுக்கு நன்மை செய்யவே அமைந்தவை. தரவுக்கு அவை பகை. முதலில் அணைக்க வேண்டியவை அவையே.

9600 முறையில் ஒலிப்பாதை பற்றிய எண்ணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் ஜேம்ஸ் மில்லர், ஜி3ஆர்யூஎச் என்ற அழைப்புக்குறியால் அறியப்படுபவர், 1988இல் வெளியிட்ட வடிவமைப்பில் தொனி என்று ஒன்று கிடையாது; பிட்களே நேரடியாக வானொலியின் அலைவரிசையை அசைக்கின்றன. சில பத்து ஹெர்ட்ஸ் முதல் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கும் இச்சிக்னல், 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும் குரல் பாதையில் நுழைந்தால் மீளாது. மைக் துளையிலும் ஒலிபெருக்கித் துளையிலும் 9600ஐ முயல்வோர் எந்த மென்பொருளை மாற்றியும் பயனடைவதில்லை. ஆறு ஊசிகள் கொண்ட சிறு தரவு முனையுள்ள வானொலிகளில் 1200க்கும் 9600க்கும் பெறும் ஊசிகள் வெவ்வேறு, முறையே 5, 4. அவற்றோடு வானொலியின் பட்டியலிலும் பாக்கெட் வேகத்தை 9600 என்று மாற்ற வேண்டும். ஊசியை மாற்றிவிட்டுப் பட்டியலை மறப்பது, பட்டியலை மாற்றிவிட்டுக் கம்பியை மறப்பது ஆகிய இரண்டும் ஒரே விளைவையே தரும். சவுண்ட் கார்டு 48000 மாதிரி வீதத்தில் இயங்கும்போது ஒரு பிட்டுக்கு ஐந்து மாதிரிகளே கிடைக்கின்றன, 1200 முறைக்கோ 40 கிடைக்கின்றன. எனவே 1200இல் மன்னிக்கப்படும் மலிவான இடைமுகத்தின் குறைகள் 9600இல் மன்னிக்கப்படுவதில்லை. 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய பட்டை அமைப்பில் தவறுதலாக விடப்பட்ட வானொலியும் இதே நோயைக் காட்டும்.

அனுப்பும் பக்கத்துப் பழுதுகளுக்கு இயல்பே வேறு. அவற்றை அனுப்புபவர் அறிவதில்லை, எதிர்முனையின் மௌனமே ஒரே அறிகுறி. இங்கே பெரும்பாலும் நேரமே குற்றவாளி. அனுப்பும் விசையாகிய பிடிடி அழுந்தியபின் வானொலி முழு ஆற்றலுக்கு வரவும், எதிர்முனையில் இரைச்சலை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச் திறக்கவும் கால் நொடி அளவு ஆகலாம்; அந்த இடைவெளியை வெற்றுக் கொடிக்குறிகளால் நிரப்பும் தாமதத்துக்கு டிஎக்ஸ்டிலே என்று பெயர். அது 10 மில்லிநொடி அலகில் எழுதப்படுவதால் 30 என்பது 300 மில்லிநொடி; அலகை மறந்து பெரிய எண்ணை எழுதிவிட்டு நெடுநேரம் வெற்றொலி விடுபவர்களும் உண்டு. பெறும் முனையில் ஸ்குவெல்ச்சை முழுதும் திறந்து வைத்து, தடம் காலியா என்பதை இரைச்சலைக் கொண்டன்றித் தரவின் உருவத்தைக் கொண்டு மென்பொருளே முடிவு செய்யுமாறு விடுவது நல்லது. கைவானொலிகளின் மின்சேமிப்பு முறை பெறுவானை விட்டு விட்டு உறங்கவைப்பதால் ஃபிரேமின் தலையை விழுங்கிவிடும்.

தலையைவிட வாலே வஞ்சகமானது. கணினி பிடிடியை விடுவிக்கும் கணத்தில் ஒலி இன்னும் யுஎஸ்பி சவுண்ட் கார்டின் இடையகத்தில் தங்கியிருந்தால், கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் காற்றில் ஏறுவதே இல்லை. கேட்பவருக்கு ஒலி முழுமையாகவே தோன்றும். ஆனால் ஒரு ஃபிரேமும் தேறாது. டிஎக்ஸ்டெயில் என்னும் இறுதித் தாமதத்தைச் சற்றுக் கூட்டிப் பார்ப்பது இதற்குப் போதும். ஒலி வந்தால் தானே அனுப்பத் தொடங்கும் வோக்ஸ் முறையில் தலை, வால் இரண்டும் பிறர் கையில் உள்ளன. அதோடு கணினியின் மின்னஞ்சல் மணியோசையும் காற்றில் ஏறும் அபாயம் உண்டு. குறைந்த ஆற்றலில் ஒழுங்காக வேலை செய்து, ஆற்றலைக் கூட்டியதும் பிடிடி சிக்கிக்கொள்வதோ யுஎஸ்பி கருவி காணாமற்போவதோ நிகழ்ந்தால் வானலை கம்பிக்குள் புகுகிறது என்பது தெளிவு. ஃபெரைட் வளையமும் குட்டையான கம்பியும் அதற்கு மருந்து. அனுப்பும்போது ஒலி உண்டாக்கும் அலைவரிசை விலக்கம் 1200க்கு 3 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியிருக்க வேண்டும். ஓசை பெரிதானால் எட்டும் தூரமும் பெரிதாகும் என்று நம்பி ஒலியை ஏற்றுவோர், வானொலியின் வெட்டுச் சுற்றில் அலையை நசுக்கி எதிர்ப்பயனே பெறுகின்றனர்.

மோடமுக்கும் பயன்பாட்டு மென்பொருளுக்கும் இடையிலுள்ள இணைப்பில் நேரும் பழுதுகள் எண்ணிக்கையில் குறைவல்ல, ஆழத்தில் குறைவு. 1987இல் மைக் செப்போனிஸும் ஃபில் கார்னும் வெளியிட்ட கிஸ் நெறிமுறை, நெறிமுறை அறிவை டிஎன்சியிலிருந்து பிடுங்கிக் கணினியிடம் கொடுத்தது. மோடம் ஃபிரேம்களை மட்டும் கடத்துகிறது. ஏஜிடபிள்யூ இடைமுகமோ இணைப்பு நிர்வாகத்தையும் மோடம் மென்பொருளிடமே விடுகிறது. முன்னதற்கு டயர் வுல்ஃபில் 8001, பின்னதற்கு 8000 என்ற பிணைய வாயில்கள் வழக்கம். ஒன்றை எதிர்பார்க்கும் மென்பொருளை மற்றதில் இணைத்தால் இணைப்பு ஏற்பட்டதாகக் காட்டிவிட்டு ஒன்றுமே நிகழாது. சவுண்ட் கார்டை இன்னொரு நிரல் முன்பே பிடித்து வைத்திருப்பது, யுஎஸ்பியை வேறு துளையில் செருகியதால் கார்டின் எண் மாறிவிடுவது, லினக்ஸில் தொடர் வாயிலைத் தொட அனுமதி இல்லாதது ஆகியவற்றுக்குப் பிழைச்செய்தியே வழிகாட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு ஊர்ந்து செல்வதுண்டு. அப்போது பார்க்க வேண்டியது மோடமை அன்று, அலைத்தடத்தை. மலையின் இருபுறத்து நிலையங்கள் ஒன்றையொன்று கேட்காமல், நடுவிலுள்ள நிலையத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொள்கின்றன. கிஸ்ஸின் விடாப்பிடி எண் 63 என்றால் தடம் காலியான ஒவ்வொரு 100 மில்லிநொடித் துண்டிலும் நான்கில் ஒரு வாய்ப்புக்கே அனுப்புமாறு கட்டளை; அதை 255ஆக உயர்த்துபவர் தம் நிலையத்தை விரைவுபடுத்துவதில்லை, தடத்தையே அடைக்கிறார்.

பிழையைத் திருத்தும் வழிகளும் பழுதறிதலைக் குழப்பக்கூடும். சரிபார்ப்பில் தோற்ற ஃபிரேமில் ஒவ்வொரு பிட்டாகத் திருப்பிப் பார்த்துப் பொருந்துவதை ஏற்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. 2400 பிட் கொண்ட ஃபிரேமில் 2400 முயற்சிகள். 16 பிட் எண் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் 65536இல் ஒன்று. ஆக மீட்க முடியாத 27 ஃபிரேம்களுக்கு ஒன்று பொய்யாகத் தேறிவிடும். சோதனைக் காலத்தில் இவ்வசதியை அணைத்து வைப்பதே முறை. எஃப்எக்ஸ்.25 இவ்வாறன்றி ரீட்-சாலமன் திருத்தப் பைட்களை ஃபிரேமைச் சுற்றிச் சேர்த்து அனுப்புகிறது. பழைய பெறுவான்கள் அவற்றைப் பொருளற்ற ஒலியாகக் கடந்து உள்ளிருக்கும் ஃபிரேமை மட்டும் படிக்கும். ஐஎல்2பி அந்த இணக்கத்தைக் கைவிட்ட புதுவடிவம். என்ஆர்இசட்ஐயும் அதில் இல்லை என்பதால் முன்னர் பொருட்டன்று எனப்பட்ட தலைகீழ்ச் சிக்கல் அங்கே உயிர்பெறுகிறது. 1200 ஏஎக்ஸ்.25 மட்டும் அறிந்த நிலையத்துக்கு ஐஎல்2பி வெறும் இரைச்சலே.

வானொலியை விலக்கிச் சோதிக்கும் வழியாக, ஏபிஆர்எஸ் போக்குவரத்தைப் பதிவுசெய்த டபிள்யூஏ8எல்எம்எஃப் சோதனைத் தட்டு இத்துறையில் பொது அளவுகோலாக வழங்குகிறது. பதிவை மென்பொருளுக்கு நேரடியாகக் கொடுத்தால் தேறும் ஃபிரேம்களின் எண்ணிக்கை மோடமின் தகுதியைச் சொல்லும், அதையே கம்பி வழியாகச் சவுண்ட் கார்டுக்குள் ஓடவிட்டு எண்ணிக்கை சரிந்தால் சரிவுக்குக் காரணம் அக்கம்பியிலோ கார்டிலோ உள்ளது. அண்டையில் நம்பத்தக்க நிலையம் இல்லாதவர்க்கு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பாக்கெட் கருவி இயங்கும் நாள்களில் 145.825 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் 1200 சிக்னல், ஐயத்துக்கு இடமில்லாத அனுப்புநராக உதவுகிறது. டாப்ளர் விளைவால் அது ஏறத்தாழ 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்ந்தாலும் அகலப்பட்டை எஃப்எம் பெறுவான் பொதுவாக அதைத் தாங்கிக்கொள்ளும். தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் ஃபிரேம்கள் தேறி, அடிவானத்தருகே மட்டும் விடுபட்டால் மோடமில் குறையில்லை, ஆன்டெனாவையும் அதன் கம்பியையும் பார்க்க வேண்டும். தலைக்கு மேலும் தேறவில்லை என்றால் ஒலியளவு வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.